மறு: ‘யூரோக்கிலிதோன்’ காற்றுக்குக் கலைச்சொல்: வாடைக்கொண்டல்

மதிப்பிற்குரிய குழுவினர்க்கு,

வணக்கம். திருத்தூதர் பவுலின் பயண நிலப்படங்களுக்காக நாம் எடுத்துக்கொண்ட சொற்களில், அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் அவருடைய கப்பலைத் தாக்கிய காற்றின் பெயர் இன்னும் முடிவாகவில்லை. ‘யூரோக்கிலிதோன்’ என்ற ஒலிபெயர்ப்பையே வைத்துக்கொள்ளலாம் என்றும், ‘வடகிழக்குப் பருவக்காற்று’ என்றும், ‘சூறாவளி’ என்றும் மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘வாடைக்கொண்டல்’ என்பதை முன்வைக்கிறேன்.

ஒலிபெயர்ப்பில் முதற்சிக்கல் பாடவேறுபாடு, அதாவது கைப்படிக்குக் கைப்படி சொல் மாறுபடுவது. சீனாய்ப்படி, வத்திக்கான்படி முதலிய பழைய கிரேக்கப் படிகளில் ‘யூரக்கிலோன்’ என்பதற்கு நெருக்கமான வடிவமே உள்ளது. அலையைக் குறிக்கும் சொல் ஒட்டிய ‘யூரோக்கிலிதோன்’ பிற்காலப் படிகளில் பெருவழக்கான பாடம், நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைப் பின்பற்றியது. பழைய வடிவத்தின் பொருள் தெளிவானது: கிழக்குக் காற்றைக் குறிக்கும் ‘யூரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லும், வடக்குக் காற்றைக் குறிக்கும் ‘அக்குவிலோ’ என்ற இலத்தீன் சொல்லும் மாலுமிகளின் வாயில் ஒன்றாகிப் பிறந்த கலப்புச் சொல் அது. துனீசியாவில் உள்ள துக்கா என்ற பழைய உரோமை நகரின் கல்தளத்தில் பன்னிரண்டு காற்றுகளின் பெயர்கள் வட்டமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வடக்கிலிருந்து எண்ணினால் மூன்றாவதாக இப்பெயர் வருகிறது. வட்டத்தைப் பன்னிரண்டாகப் பகுத்தால் அது வடக்கிலிருந்து 60 பாகை, அதாவது கிழக்கு-வடகிழக்கு.

‘பருவக்காற்று’ என்பது நம் வாசகரைத் தவறான கடலுக்கே கொண்டுபோய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையை அறிந்தவர்கள் அச்சொல்லைப் படித்தவுடன் மாதக்கணக்கில் ஒரே திசையில் நின்று வீசும் காற்றையே நினைப்பார்கள். மத்தியதரைக் கடலின் இந்தக் காற்றுக்கு அப்படிப்பட்ட ஒழுங்கு இல்லை. மால்தா தீவின் தெற்கே காற்றழுத்தத் தாழ்வு நகரும்போது சில நாள் குளிராகவும் மூர்க்கமாகவும் வீசி அடங்கும் காற்று இது. மால்தாக்காரர்கள் இதை இன்றும் ‘கிரிகால்’ என்கிறார்கள். அவர்கள் தலைநகரான வலேட்டாவின் பெருந்துறைமுகம் வடகிழக்கு நோக்கித் திறந்திருப்பதால் அவர்களுக்கு இது வெறும் பெயரன்று. ‘சூறாவளி’யைப் பொறுத்தவரை, அது காற்றின் தன்மையைச் சொல்லுமேயன்றித் திசையைச் சொல்லாது. இங்கே திசைதான் கதை.

அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். யூதரின் உபவாச நாள் (செப்டம்பர்-அக்டோபர்) கழிந்து, கடற்பயணம் ஆபத்தாகிவிட்ட காலத்தில், 276 பேரை ஏற்றிய அலெக்சந்திரியக் கப்பல் கிரேத்தா (கிரீட்) தீவின் ‘நல்ல துறைமுகத்தை’ விட்டு அதே தீவின் பேனிக்ஸ் துறைக்குப் புறப்படுகிறது. தென்றல் மெதுவாக வீசியதை நம்பிப் பாய் விரித்தவர்கள்மீது, தீவின் மலைகளிலிருந்து இந்தக் காற்று இறங்குகிறது. கிலவுதா தீவின் மறைவில் கப்பலின் சிறு படகைத் தூக்கிக்கொண்டு, கப்பலைச் சுற்றிக் கயிறு கட்டிய மாலுமிகள் அஞ்சியது லிபியக் கரையோரத்துச் சொரிமணலை. வடகிழக்கிலிருந்து வரும் காற்றின் போக்கிலேயே கப்பலை விட்டிருந்தால் அங்குதான் போய்ச் சேர்ந்திருக்கும். முகப்பை வடக்கே திருப்பி வைத்துக் காற்றுக்குப் பக்கவாட்டாக ஒதுங்கியதால்தான் ஏறத்தாழ நேர்மேற்காக நகர்ந்து, பதினான்காம் இரவில் 20 பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி), பிறகு 15 பாகம் என ஆழம் பார்த்து, பின்னணியத்திலிருந்து (கப்பலின் பின்புறத்திலிருந்து) நான்கு நங்கூரங்களைப் போட்டு, விடிந்தபின் மெலித்தாவில் (இன்றைய மால்தாவில்) கரையேறினார்கள். கிலவுதாவிலிருந்து மெலித்தாவுக்கு ஏறத்தாழ 475 கடல் மைல். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் சுமித் கப்பல் காற்றில் நகர்ந்ததைப் பற்றி 1848இல் வெளியிட்ட கணக்கு, பதினான்கு நாள் என்ற, நடபடிகளை எழுதிய லூக்காவின் குறிப்போடு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தியதும் காற்றைக் கிழக்கு-வடகிழக்காகக் கொண்டதால்தான்.

இனி சொல்லாக்கம். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்பது நம் பழைய வழக்கு. மூலச்சொல் இரு காற்றுப் பெயர்களின் கூட்டாக இருக்கும்போது, நம்மிடமும் அதே இரு பெயர்கள் இருக்கையில், திசைப் பெயரை வைத்து ஒட்டுப்போட வேண்டியதில்லை. ‘கொண்டல்வாடை’ என்று ஏன் சொல்லக்கூடாது என ஒருவர் கேட்கலாம். தமிழ்த் தொகையில் தலைமைச்சொல் பின்னால் நிற்கும். 60 பாகை வடக்கைவிடக் கிழக்குக்கே நெருக்கமாதலால், வாடை கலந்த கொண்டல் என்பதே சரியான அளவு. கொண்டல் மேகத்தையும் குறிக்குமே என்ற தடை எழலாம்; வாடை முன்னே நிற்பதால் அம்மயக்கம் நேராது. முந்தின வசனத்தில் தென்றல் என்று நம் பெயரையே ஏற்ற மொழிபெயர்ப்பு, அடுத்த வசனத்தில் அயற்பெயருக்குத் தாவுவதும் இதனால் தீரும்.

நிலப்படத்தில் ‘வாடைக்கொண்டல்’ என்று சேர்த்தே அச்சிட வேண்டுகிறேன். பிரித்தால் அம்புக்குறியின் இருபுறமும் இரண்டு காற்றுகள் எனப் படித்துவிடக்கூடும். பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தரலாம்.

அன்புடன்.