தங்கமீன் தொட்டி சம்ப்: இன்னும் நல்ல மீடியா வாங்கலாமா?

நீந்தும்பொன்

வணக்கம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி, கீழே மூன்று அறை சம்ப் (தொட்டித் தண்ணீரை வடிகட்டி மேலே அனுப்பும் கீழ்த்தொட்டி). உள்ளே ஐந்து தங்கமீன்கள். முதல் அறையில் வெள்ளைப் பஞ்சு, நடு அறை முழுக்க வலைப் பைகளில் செராமிக் ரிங் (பாக்டீரியா வளர்வதற்கான துளையுள்ள வளையங்கள்), மூன்றாவதில் மோட்டார். பஞ்சு இரண்டு நாளில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் அதன் மேலாக வழிந்து நேரே ரிங் அறைக்குப் போகிறது. அம்மோனியா 0, நைட்ரைட் 0. நைட்ரேட் மட்டும் 40 ppm-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. தண்ணீரிலும் தூசி மிதக்கிறது. ரிங்கை எடுத்துவிட்டு நுண்துளை அதிகமுள்ள மீடியா (பாக்டீரியா வளரும் வடிகட்டிப் பொருள்) போடலாமா? கரி, பவளத்துண்டு இதெல்லாம் தேவையா?

பழைய_தொட்டி

வாங்காதீங்க நண்பரே. அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0-ன்னா அதை மாத்துற பாக்டீரியாவுக்கு இடம் தாராளமா இருக்குன்னு அர்த்தம். மீன் வெளியேத்துற அம்மோனியா எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் அது பெருகும். காலி இடம் கொடுத்தா கூடிடாது.

கோளாறு முதல் அறையில. ரிங் பை ஒண்ணைத் தூக்கி, வாளியில தொட்டித் தண்ணி பிடிச்சு, அதுக்குள்ள நாலு உலுக்கு உலுக்கிப் பாருங்க. தண்ணி பழுப்பாக் கலங்கி, நூல் நூலா கழிவு மிதந்துச்சுன்னா விஷயம் அங்கேயே தெரிஞ்சுடும். டப்பா மேல போட்டிருக்கிற பரப்பளவு எல்லாம் துளைக்குள்ள ஆக்ஸிஜனோட தண்ணி போய் வர்ற வரைக்கும்தான். சேறு மூடின ரிங் வெறும் கல். அந்தச் சேறு அழுகி அம்மோனியா ஆகும், பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். நீங்க சோதனையில பார்க்கிற 40-ல அதுக்கும் பங்கு இருக்கு.

என் தொட்டியும் தங்கமீன்தான். முதல் அறையில ஸ்பாஞ்சைப் படுக்க வைக்காம நிறுத்தி வெச்சிருக்கேன், ரெண்டு பக்கமும் கண்ணாடியோட ஒட்டி, இடைவெளி விடாம. தண்ணிக்குச் சுலபமான வழி ஒரு விரல் அகலம் கிடைச்சாலும் அது அந்த வழியாத்தான் ஓடும். முதல்ல பெரிய துளை ஸ்பாஞ்ச், அடுத்து நடுத்தரம் (அங்குலத்துக்கு 30 துளை போதும்), கடைசியிலதான் வெள்ளைப் பஞ்சு. பஞ்சை முதல்ல வெச்சா எல்லாக் கழிவும் அது தலையில விழும், இரண்டு நாள் தாங்கினதே பெரிசு. ஸ்பாஞ்ச்லயும் பாக்டீரியா செழிப்பா வளரும், அதனால ரிங்கைப் பாதியாக் குறைச்சு மீதி இடத்துல ஸ்பாஞ்சையே நிறுத்தலாம். ஆனா ஒரே நாள்ல எடுக்காதீங்க. ஒரு பை எடுத்துட்டு, ஒரு வாரம் கழிச்சு அம்மோனியா பார்த்துட்டு அடுத்தது.

கரி எப்பவும் தேவையில்லை. மரக்கட்டை விடுற பழுப்பு நிறம், வைத்தியம் முடிஞ்சபிறகு தங்குற மருந்து, இதை எடுக்கத்தான் அது. சில வாரத்துல அதோட சக்தி தீர்ந்துடும். மருந்து போடுற நேரத்துல கரி உள்ளே இருக்கவே கூடாது, மருந்தையே உறிஞ்சிடும்.

நீர்த்தாவரம்

நைட்ரேட்டைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஸ்பாஞ்ச், ரிங் எதுவும் அதை வெளியே கொண்டுபோகாது. தண்ணீர் மாற்றுவதும் செடியும்தான் வழி. தங்கமீன் தொட்டியில் செடி மிஞ்சாது, ஆனால் சம்ப் மீன் எட்டாத இடம். மணி பிளான்ட் கொடியின் வேரை மட்டும் மூன்றாவது அறையில் விட்டு, இலையை வெளியே வையுங்கள். வேர் மோட்டாருக்குள் போகாமல் ஒரு வலை கட்டுவது முக்கியம்.

பவளத்துண்டுக்கு முன் கேஹெச் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) அளந்து பாருங்கள். பாக்டீரியா 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. தண்ணீர் மென்மையாக இருந்தால் பிஹெச் நாளடைவில் சரியும், அப்போது அந்தக் காரத்தன்மையை ஈடுகட்ட ஒரு சிறு பை பவளத்துண்டு உதவும். கடின நீராக இருந்தால் வேண்டாம்.

நீந்தும்பொன்

பையை உலுக்கினேன் அண்ணே. வாளியின் அடி தெரியவில்லை! ஸ்பாஞ்ச் வாங்கிவிட்டேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது? குழாயில் பிடித்துக் கழுவலாமா?

பழைய_தொட்டி

குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில கழுவினா வளர்ந்த பாக்டீரியாவும் போயிடும். தண்ணி மாத்துற அன்னைக்கு, வெளியே எடுத்த தொட்டித் தண்ணியிலயே பெரிய துளை ஸ்பாஞ்சைப் பிழிஞ்சு எடுங்க. நாள் கணக்கு வேண்டாம், முதல் அறையில நீர்மட்டம் ஏறுதான்னு பாருங்க. ஏறினா ஸ்பாஞ்ச் அடைக்குதுன்னு அர்த்தம், வழியறதுக்கு முன்னாடி பிழிஞ்சுடுங்க. வெள்ளைப் பஞ்சைத் துவைக்க வேண்டாம், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வைங்க. ரிங்கை அதே நாள்ல தொடாதீங்க. ஸ்பாஞ்ச் ஒரு வாரம், ரிங் வேற ஒரு வாரம்.

இன்னொண்ணு: புது ஸ்பாஞ்ச் வெச்சதும் மோட்டாரை ஒருதடவை நிறுத்திப் பாருங்க. மேல் தொட்டியிலிருந்து இறங்குற தண்ணி சம்ப்புக்குள்ள அடங்கணும். மோட்டார் ஓடும்போது சம்ப் எந்த மட்டம் வரை இருந்தா அடங்குதோ, அங்கே கண்ணாடியில மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க.