எல்பி லிட்டில் ஏ: பத்தியத்துக்கு அசையாத எண்

தபால்காரர் மகன்:
அப்பா கிராமத்துத் தபால்காரர். தினமும் இருபது கிலோமீட்டர் சைக்கிள். பீடி, வெத்தலை எதுவும் கிடையாது. 1994ல, 46 வயசுல, சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்துல சாய்ஞ்சுட்டார். யாரோ கண்ணு வெச்சுட்டாங்கன்னு அத்தை இன்னிக்கும் சொல்றாங்க.

போன வருஷம் தம்பிக்கு 39 வயசுல இதயக் குழாய்ல ஸ்டென்ட். சுகர் இல்ல, பிரஷர் இல்ல, கெட்ட கொழுப்புன்னு சொல்ற எல்டிஎல்லும் 108தான். டாக்டர் அப்பா கதையை முழுசாக் கேட்டுட்டு ‘எல்பி லிட்டில் ஏ’ன்னு, ரத்தத்துல இருக்கற ஒரு வகைக் கொழுப்புத் துகளை அளக்கற டெஸ்ட் எழுதினார். 50 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், தம்பிக்கு 112. எனக்கும் பார்த்தோம், 94. நார்வேக்காரர் கோரே பெர்க் இதை 1963லேயே கண்டுபிடிச்சுட்டாராம். வருஷா வருஷம் நான் காசு கட்டின மாஸ்டர் செக்கப்ல மட்டும் இது இல்ல.

விட்டேனா? ஆறு மாசம் வடை, பஜ்ஜி கிட்டயே போகல. விடிகாலை நடை. ஏழு கிலோ இறங்கிட்டேன். மறுபடி எடுத்தா 97! டாக்டர் சிரிச்சுட்டார். எல்டிஎல் மாதிரி ஒரு துகள்ல இன்னொரு புரதம் வாலாட்டம் தொங்குமாம். அதுக்கான ஜீன் 6ஆவது குரோமோசோம்ல இருக்கு. அதுல ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவைங்கறது ஆளுக்கு ஆள் மாறும். தடவை குறைஞ்சா புரதம் சின்னதாகும், சின்னதைக் கல்லீரல் நிறைய செஞ்சு ரத்தத்துல தள்ளும். எல்டிஎல்லைக் குறைக்கற ஸ்டாட்டின் மாத்திரையும் இதைக் குறைக்காது. அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு கேட்டேன். ‘இது இறங்காது, அதனாலதான் எல்டிஎல்லை இன்னும் கீழ இறக்கறோம்’னார்.

லேப்காரன்:
அண்ணே, ரெண்டாவது தடவை எடுத்தது தண்டச் செலவு. ஆயுசுக்கு ஒரு தடவை பார்த்தா பெரும்பாலும் போதும். போன வாரம் ஒருத்தர் ரெண்டு ரிப்போர்ட்டோட சண்டைக்கே வந்துட்டார்: ‘இங்க 48, அங்க 120, எது பொய்?’ ஒண்ணு மில்லிகிராம், இன்னொண்ணு நானோமோல். 50 மில்லிகிராம்னா சுமார் 125 நானோமோல். எண்ணுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க.

மதுரைப் பொண்ணு:
எங்க வீட்ல அம்மா வழி. ஆம்பளைங்க நோய்னு நினைச்சு எங்களை யாரும் பார்க்கவே இல்ல. அம்மாவுக்கு 61 வயசுல இதய வால்வுல சுண்ணாம்பு படிஞ்சு மூச்சு வாங்குச்சு. அதுக்கும் இந்த லிட்டில் ஏ ஒரு காரணமாம். அக்காவுக்கு 140, எனக்கு 11. ஒரே வயித்துல பிறந்தவங்கதான்!

தபால்காரர் மகன்:
தம்பி பசங்க ரெண்டு பேர். பெரியவனுக்கு எடுத்தாச்சு, 18. சின்னவன் ஊசின்னா ஓடறான். பரீட்சை முடியட்டும்னு விட்டிருக்கோம்.