முக்கால் சுற்று: பேட்டண்ட் ஆய்வு வரைக்கும் போனவங்க யாராவது இருக்கீங்களா?

லூனாஸ் தம்பி:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பிரிண்டர் சாமான் ஒண்ணைப் பொருத்துறதுக்குப் புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சி வெச்சிருக்கேன். பேட்டண்ட் போடலாமான்னு யோசனை. மனு எப்படிப் போடுறதுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. ஆய்வாளர்கிட்டேருந்து கடிதம் வந்த பிறகு என்ன நடக்கும்னு கேட்டா மட்டும் எல்லாரும் கப்சிப். அனுபவப்பட்டவங்க சொல்லுங்களேன்.

பாடாங் செராய் டோனர் கடை:

தம்பி, நான் அந்தப் பக்கம் போய்த் திரும்பியவன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடாங் செராயில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஒரு பக்கம் போட்டோஸ்டாட், மறுபக்கம் டோனர் நிரப்பும் மேசை. அப்பா, அம்மா இருவரும் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். நான் பினாங்கில் ஒரு சர்வீஸ் கடையில் கைப்பழக்கமாக வேலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பினேன். தமிழ்ப்பள்ளி, தோட்ட ஆபீஸ், டியூஷன் சென்டர், இவர்கள்தான் வாடிக்கை. யூபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வு இருந்த காலத்தில் பள்ளிக்கூடங்கள் பயிற்சித் தாளாக அடித்துத் தள்ளும். ஹெச்பி 12ஏ கார்ட்ரிட்ஜ் சுமார் 2000 பக்கம் வரும் என்பது கணக்கு. பள்ளிக்கு அது இரண்டு வாரம்கூடக் காணாது. நேரே என் மேசைக்கு வந்துவிடும்.

கார்ட்ரிட்ஜைப் பிரித்துப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. உள்ளே சுழலும் உருளைக்கு டிரம் என்று பெயர்; அதில் ஒட்டும் டோனர், அதாவது மைத்தூள், முழுவதும் தாளுக்குப் போய்விடாது. மிச்சத்தை ஒரு ரப்பர் பிளேடு வழித்துக் கழிவு அறைக்குள் தள்ளும். அந்த பிளேடை ஒரு தகட்டில் ஒட்டி, தகட்டை இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார்கள். இரண்டு ஓரத்திலும் விரல் நகம் அளவுக்கு ஒரு ஃபோம் துண்டு. ஓர இடைவெளியை அடைப்பது மட்டும்தான் அதன் வேலை. டோனர் துகளோ 5 முதல் 10 மைக்ரான். மயிரிழை இடைவெளி கிடைத்தால் போதும், வெளியே வந்துவிடும். தாளின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழும், கார்ட்ரிட்ஜைத் தூக்கியவர் சட்டை கெடும். ஒரு தலைமையாசிரியர் வெள்ளைச் சட்டையோடு கடை வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எல்லாரும் செய்வதுபோல நானும் ஃபோமை முதலில் ஒட்டி, பிறகு பிளேடை வைத்து முடுக்கிக்கொண்டிருந்தேன். முடுக்கும்போது ஸ்க்ரூ சுற்றுகிற திசையில் தகடு ஒரு துளி நகரும். நகரும்போது ஃபோமின் மூலையையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கேதான் சந்து. இது எனக்குப் புரியவே பல வருஷம் ஆனது. புரிந்ததும் மூளையால் அல்ல, போன் மணியால். ஒருநாள் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பியவன், முழுக்க முடுக்கிவிட்டோம் என்ற நினைப்பில் ஃபோமை ஒட்டிவிட்டேன். கடைசியில் தகடு ஆடுவதைப் பார்த்து மறுபடியும் முடுக்கினேன். பிளேடு கீழே இறங்க இறங்க, ஃபோம் பக்கவாட்டில் பிதுங்கி ரப்பரின் முனையோடு ஒட்டி உட்கார்ந்தது. தட்டிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு பொட்டுத் தூள் வரவில்லை.

2017-இல் மனுப் போட்டேன். மலேசியாவில் குடியிருப்பவர் பேட்டண்ட் ஏஜெண்ட் இல்லாமலே போடலாம், மலாயிலும் எழுதலாம். என் மகள் ஆசிரியை. நான் மேசையில் வேலை செய்ய, அவள் எதிரே உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினாள். கிளெய்மை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற வாசகத்தை, மட்டும் நானே சொன்னேன், பெரிய மனுஷத்தனமாக: 'பிளேடையும் ஓர அடைப்பையும் கார்ட்ரிட்ஜ் கூட்டில் பொருத்தும் முறை.' அவ்வளவுதான். அகலமாகக் கேட்டால் அகலமாகக் கிடைக்கும் என்று நினைப்பு.

கடிதம் வந்தது 2020-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நேரத்தில். எதிர்மறை அறிக்கை. கை நடுங்கிப்போனது. இரண்டு முந்தைய ஆவணங்களைக் காட்டியிருந்தார் ஆய்வாளர். ஒன்று 90களின் ஜப்பான்காரர் பேட்டண்ட்: முதலில் ஃபோம், அப்புறம் பிளேடு. நான் கேட்டது அத்தனையும் அதில் அப்படியே இருக்கிறது, ஆகவே மலேசிய பேட்டண்ட் சட்டத்தின் பிரிவு 14-இன்படி புதுமை இல்லை. இரண்டாவதில் வரிசை மாறியிருந்தது: முதலில் பிளேடை முழுக்க முடுக்கி, பிறகு ஃபோம். வரிசையை மாற்றியதுதான் என் புதுமை என்று நான் வாதாடினாலும், இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் துறையில் சாதாரணத் திறன் உள்ள எவருக்கும் தோன்றியிருக்கும் என்று பிரிவு 15-ஐக் காட்டி அந்தக் கதவையும் சாத்தியிருந்தார்.

முதலில் கோபம்தான் வந்தது. இந்த மனிதர் என் கார்ட்ரிட்ஜைத் தொட்டுப் பார்த்தாரா? தொடவில்லை, தொடவும் மாட்டார். அவர் முன்னால் இருப்பது என் சொல் மட்டும். என் கை செய்ததை என் சொல் சொல்லவில்லை. எத்தனை முறை அறிக்கையைப் புரட்டினாலும் அவர் பக்கம்தான் நியாயம்.

அப்போதுதான் ஒரு ஏஜெண்டைப் பிடித்தேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "ஐயா, பாதி முடுக்கி நிறுத்துறீங்களே, அது மனுவிலே எங்கேயாவது இருக்கா?" பிரிவு 26ஏ-இன்படி, முதல் மனுவில் வெளிப்படுத்தாத எதையும் திருத்தம் என்று சொல்லிப் பின்னால் சேர்க்க முடியாது. இல்லையென்றால் கதை அன்றோடு முடிந்தது. மகள் எழுதியதைப் புரட்டினோம். ஏழாம் பக்கத்தில், நான் கவனிக்காத ஒரு வரி: முழு இறுக்கத்துக்கு 'தீகா சுக்கு புசிங்கான்' குறைவாக ஸ்க்ரூவை நிறுத்தி, ஃபோமை ஒட்டி, பிறகு மிச்சத்தை முடுக்குதல். முக்கால் சுற்று. என் கை எங்கே நிற்கிறது என்று அவள் எண்ணியிருக்கிறாள்! எனக்கே தெரியாத கணக்கு அது.

கிளெய்மைத் திருத்தினோம். 'தளர்வாக முடுக்கி' என்று ஏஜெண்ட் எழுதியதை ஆய்வாளர் ஏற்கவில்லை. தளர்வு என்றால் எவ்வளவு, தெளிவில்லை என்றார். பிறகு 'முக்கால் சுற்றுக் குறைவாக' என்று போட்டோம். இரண்டாவது ஆவணமோ பிளேடு நகராமல் இருக்க முதலிலேயே முழுக்க முடுக்கு என்று வற்புறுத்துகிறது. அதைப் படித்தவன் பாதியில் நிறுத்தத் துணிய மாட்டான் என்று வாதம் வைத்தோம். பழைய முறையில் பத்து, என் முறையில் பத்து என்று கார்ட்ரிட்ஜ் பொருத்தி, கசிந்த தூளை வெள்ளைத்தாளில் தட்டிப் படமெடுத்து அனுப்பினோம். அடுத்த சுற்றில் ஒப்புக்கொண்டார்கள். பேட்டண்டின் காலம் மனுப் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டு.

ஒரு வயிற்றெரிச்சல் மட்டும் பாக்கி. 'அரைச் சுற்று முதல் ஒன்றேகால் சுற்று வரை' என்று அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் கிளெய்மும் அவ்வளவு அகலம் இருந்திருக்கும். இப்போது எவனாவது ஒரு முழுச் சுற்றுக் குறைவாக நிறுத்தினால், அவனைத் தடுத்து 'என்னுடையது' என்று சொல்ல எனக்கு வழி குறுகல். மகளைக் குறை சொல்லவில்லை. அவள் பார்த்ததைத்தானே எழுதினாள்.

சுங்கைப்பட்டாணி அக்கா:

அண்ணே, உங்க கதையாவது நல்லா முடிஞ்சது. என்னோடது டோனர் நிரப்புற ஓட்டைக்கு ஒரு அடைப்பு மூடி, அதை மாட்டுற விதம். ஆய்வாளர் காட்டின முதல் ஆவணம் என்ன தெரியுமா? என்னோட வீடியோ! முகநூல்லே நானே போட்டது. வளையல் போட்ட என் கைதான் அதிலே தெரியுது.

மனு போடுறதுக்கு முன்னால ஒரு வருஷத்துக்குள்ள நாமே வெளியிட்டிருந்தா மலேசியச் சட்டம் அதைக் கணக்குலே எடுக்காது. நான் போட்டது 14 மாசத்துக்கு முன்னால. ரெண்டு மாசத்துலே போச்சு. அந்த ரெண்டு மாசமும் எங்கே போச்சுன்னா, தீபாவளி, அப்புறம் பள்ளி திறக்கிற நேரம், கடையிலே கூட்டம், நாளைக்கு நாளைக்குன்னு தள்ளினது. இன்னொண்ணு, இந்த ஒரு வருஷச் சலுகை எல்லா நாட்டிலேயும் கிடையாது. ஐரோப்பாவிலே நாமே முந்தின நாள் காட்டியிருந்தாலும் புதுமை போயிடும். அதனால தம்பி, வாட்சப் ஸ்டேட்டஸ்லேகூடப் போடாதீங்க, முதல்லே மனு.

கூலிம் ஹைடெக் பார்க் பொறியாளன்:

நான் தொழிற்சாலையில இதே மாதிரி ஒரு விஷயத்துக்கு ஃபைல் தூக்கினவன். அமெரிக்காவுக்குப் போன மனு. 'பொருத்தப்பட்ட பொருள்'னு சில கிளெய்ம், 'பொருத்தும் முறை'ன்னு சில கிளெய்ம், எல்லாம் ஒரே கட்டாப் போட்டோம். தேடல்கூடத் தொடங்கலே, அதுக்குள்ள ஆய்வாளர் ஒரு தாள் அனுப்பிட்டார்: இது ரெண்டும் வேற வேற கண்டுபிடிப்பு, ஒண்ணைத் தேர்ந்தெடு. காரணம் கேட்டா, இதே பொருளை வேற முறையிலயும் செய்யலாமே, அப்போ முறையும் பொருளும் ஒண்ணு எப்படி ஆகும்னு கேள்வி. தேர்ந்தெடுக்காததைத் தனி மனுவாப் போட்டுக்கோன்னு சொல்லிட்டாங்க. செலவு ரெண்டு மடங்கு.

டோனர் கடை அண்ணன் முறையை மட்டும் கேட்டது புத்திசாலித்தனம்னுதான் சொல்வேன். சில பேர் 'முறைக்கு பேட்டண்ட் வாங்கி என்ன பிரயோசனம், மூடின அறைக்குள்ள எவன் எப்படிப் பொருத்துறான்னு எப்படித் தெரியும்'பாங்க. நம்ம சட்டத்துல பிரிவு 36 அந்த முறையைப் பயன்படுத்துறதை மட்டும் தடுக்கலே. அந்த முறையால நேரடியா வந்த பொருளை விற்கிறது, இறக்குமதி செய்யறது, இதையும் சேர்த்துத்தான் தடுக்குது. அதோட, பிரிச்சுப் பார்த்தா தடயம் இருக்கும் அண்ணே. பக்கவாட்டில பிதுங்கின ஃபோம் பிளேடு முனையில ஒரு உதடு மாதிரி நிக்கும். முதல்லயே ஒட்டின ஃபோம்ல அது வராது. மைக்ராஸ்கோப்பே வேணாம், பூதக்கண்ணாடி போதும்.

நிபோங் திபால் ரீஃபில்:

எல்லாம் சரி. காசு பார்த்தீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க.

பாடாங் செராய் டோனர் கடை:

இதுவரைக்கும் ஒரு வெள்ளி வரவில்லை. வருஷா வருஷம் புதுப்பிப்புக் கட்டணம் கட்டுவதோடு சரி. வீட்டில் அதற்கு நான் வாங்குகிற பேச்சு தனி. ஆனால் திரும்பி வரும் கார்ட்ரிட்ஜ் அநேகமாக நின்றுபோனது. அது முறையால் வந்த லாபம், பத்திரத்தால் வந்தது இல்லை என்பது எனக்கும் தெரியும்.

நிபோங் திபால் ரீஃபில்:

அப்போ பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ்னு ஒண்ணு இருக்கே, அதைப் போட்டிருக்கலாமே? எங்க மச்சான் அதுதான் எடுத்தான். சின்ன முன்னேற்றத்துக்கு அது போதும். பிரிவு 15 தொல்லை இல்லை.

கூலிம் ஹைடெக் பார்க் பொறியாளன்:

இருக்கு. புதுசா இருந்தாப் போதும், 'யாருக்கும் தோணியிருக்கும்'ங்கிற கேள்வியே வராது. ஆனா ஒரே ஒரு கிளெய்ம்தான் வெச்சுக்க முடியும். காலமும் முதல்ல 10 ஆண்டு, தொழில்ல பயன்படுத்துறோம்னு காட்டினா ஐந்து ஐந்தா ரெண்டு தடவை நீட்டலாம். அண்ணனுக்குக் கடைசியில மிஞ்சினது ஒரே கிளெய்ம்தான்னா, முதல்லயே இதுல போயிருந்தா அலைச்சல் குறைஞ்சிருக்கும். இப்போ சொல்லி என்ன செய்ய.

லூனாஸ் தம்பி:

ஒரு சந்தேகம். கார்ட்ரிட்ஜ் கம்பெனிக்காரங்க எக்கச்சக்கமா பேட்டண்ட் வெச்சிருப்பாங்களே. நாம அதைப் பிரிச்சு மறுபடி நிரப்பி விற்கிறதே தப்புன்னு வராதா?

சுங்கைப்பட்டாணி அக்கா:

அந்தச் சண்டை பழைய சண்டை தம்பி. ஹாங்காங்கிலேருந்து போன கேனன் எதிர் கிரீன் கார்ட்ரிட்ஜ் வழக்கு, 1997-லே லண்டன் பிரிவி கவுன்சில்ங்கிற மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பு சொன்னது. அது பதிப்புரிமை பத்தினது, கேனன் தோத்துச்சு. 2017-லே அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க்ங்கிற பிரிண்டர் கம்பெனி வழக்கிலே, ஒரு தடவை வித்துட்டா அந்தப் பொருள் மேலே இருந்த பேட்டண்ட் உரிமை தீர்ந்து போச்சுன்னு சொல்லிடுச்சு. ஆனா அதெல்லாம் அவங்கவங்க நாட்டுத் தீர்ப்பு. இங்கே, அதுவும் பழைய கார்ட்ரிட்ஜை நிரப்பாம புது பாகமே செஞ்சு விக்கப் போறீங்கன்னா, வக்கீலைக் கேக்காம இறங்காதீங்க.

பாடாங் செராய் டோனர் கடை:

அக்கா சொன்னதோடு ஒன்று. மனுப் போடும் முன் நீங்களே தேடுங்கள். பேட்டண்ட் ஆவணங்களைத் தேடும் எஸ்பாஸ்நெட் இணையதளம் இலவசம். ஜி03ஜி 21 என்ற வகைப்பாட்டு எண்ணைப் போட்டால் டிரம்மைத் துடைப்பது, கார்ட்ரிட்ஜ் பாகம் எல்லாம் கொட்டும். நான் அறிக்கை வந்த பிறகுதான் தேடினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து படம் படமாக ஓட்டினாள், ஒரு ராத்திரிக்குள் அந்த ஜப்பான் ஆவணம் எங்களுக்கே அகப்பட்டது. அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

நிபோங் திபால் ரீஃபில்:

அண்ணே, கடைசியா ஒண்ணு. அந்த முக்கால் சுற்று 12ஏ-க்கு மட்டுமா, 85ஏ-க்கும் அதேதானா?

பாடாங் செராய் டோனர் கடை:

பேட்டண்ட் வைத்திருக்கிறவனிடமே கேட்கிறீர்களே! பரவாயில்லை, மனுவே வெளியாகித்தான் கிடக்கிறது, யாரும் படிக்கலாம். 85ஏ-க்கு நான் கொஞ்சம் கூட விடுகிறேன், ஃபோம் தடிமனைப் பொறுத்து. எழுதிப் புரியவைக்க முடியாது, கடைக்கு வாங்க. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் திறந்திருக்கும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாங்க.