அபர்டீனும் டண்டீ யுனைடெட்டும் எப்படி ஜெயித்தார்கள்? அப்புறம் ஏன் முடியவில்லை?

கோல்கம்பம் கேட்டது:

ஸ்காட்லாந்து லீக் சாம்பியன்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1986 முதல் 2025 வரை கிளாஸ்கோ ஊர் அணிகளான செல்டிக், ரேஞ்சர்ஸ் தவிர வேறு பெயரே இல்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால் 1980 அபர்டீன், 1983 டண்டீ யுனைடெட், 1984, 1985 மறுபடி அபர்டீன். ஆறு சீசனில் நான்கு முறை பட்டம் கிளாஸ்கோவை விட்டு வெளியே போயிருக்கிறது. அபர்டீனில் அலெக்ஸ் பெர்குசன் மேனேஜராக இருந்தார், மான்செஸ்டர் யுனைடெட் போனார், கதை முடிந்தது என்கிறார்கள். சரி, டண்டீ யுனைடெட்டில் யார் இருந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டே_நதிக்கரை:

நான் டண்டீயில் வேலை பார்ப்பவன், கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். பெர்குசன் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் முடித்துவிடுவது எனக்குப் பிடிக்காது.

இந்த ஊரில் ஜிம் மக்லீன் என்று ஒருவர் இருந்தார். தச்சு வேலை கற்றவர். 1971இல் டண்டீ யுனைடெட் மேனேஜராக வந்தவர் 1993 வரை நகரவில்லை. அதற்கு முன் பக்கத்து டண்டீ கிளப்பில் பயிற்சியாளர். பக்கத்து என்றால் நிஜமாகவே பக்கம்தான். இரண்டு மைதானமும் ஒரே தெருவில். யுனைடெட்டின் டானடைஸிலிருந்து டண்டீயின் டென்ஸ் பார்க்குக்கு மெதுவாக நடந்தாலும் ஐந்து நிமிடம் ஆகாது.

மக்லீனிடம் காசு கிடையாது. அதனால் பையன்களைச் சின்ன வயதிலேயே பிடித்து வளர்த்தார். நேரி, மால்பஸ், மில்ன் எல்லாம் அப்படி வந்தவர்கள். வளர்த்தவர்களை நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டார். அடிப்படைச் சம்பளம் குறைவு, ஜெயித்தால் போனஸ். கத்துவார், அபராதம் போடுவார். ஆட்டக்காரர்கள் பலருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. இன்றைக்கு ஒரு மேனேஜர் அப்படி நடந்தால் ஒரு மாதம் தாங்க மாட்டார்.

1983 மே மாதத்தை மட்டும் பாருங்கள். 11ஆம் தேதி கோதன்பர்க்கில், கொட்டும் மழையில், அபர்டீன் கூடுதல் நேரத்தில் ரியல் மாட்ரிடை 2-1 என்று வீழ்த்தி ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையை எடுத்தது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜான் ஹியூவிட் தலையால் முட்டிய கோல். மூன்றே நாளில், 14ஆம் தேதி, டண்டீ யுனைடெட்டின் கடைசி லீக் ஆட்டம். எங்கே? டென்ஸ் பார்க்கில், அதே பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதிராக! ரால்ஃப் மில்ன் தூரத்திலிருந்து கீப்பர் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். யுனைடெட்டின் பானன் அடித்த பெனால்டியைக் கீப்பர் தடுத்தார், திரும்பி வந்த பந்தை அவரே உள்ளே தள்ளினார். 2-1. செல்டிக்கையும் அபர்டீனையும் விட ஒரே ஒரு புள்ளி அதிகம், பட்டம் கையில்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் ரேஞ்சர்ஸ் மேனேஜர் வேலை காலியானபோது பெர்குசனையும் கேட்டார்கள், மக்லீனையும் கேட்டார்கள். இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். இன்று நம்ப முடிகிறதா?

முடிவு ஆரம்பித்தது, என் கணக்கில், பெர்குசன் கிளம்பிய 1986 நவம்பரில் அல்ல, அதற்குச் சில மாதம் முன்பே. கிரேம் சூனஸ் ரேஞ்சர்ஸுக்கு மேனேஜராக வந்தார். ஹேசல் மைதானத்தில் ரசிகர்கள் பலர் இறந்த 1985 துயரத்துக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் தடை. அதைப் பயன்படுத்தி இங்கிலாந்து தடுப்பாட்டக்காரர் டெர்ரி புட்சர், கீப்பர் கிறிஸ் வுட்ஸ் என்று அள்ளிக்கொண்டு வந்தார். சம்பளக் கணக்கே மாறிவிட்டது. மக்லீனின் போனஸ் முறையெல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

கடைசி வாய்ப்பு 1991. கடைசி நாள், ரேஞ்சர்ஸின் இப்ராக்ஸ் மைதானம், அபர்டீனுக்கு டிரா போதும். மார்க் ஹேட்லி இரண்டு கோல் போட்டார். முடிந்தது.

கோர்கி_ரோடு:

அண்ணே, 1986ஐ அப்படியே தாண்டிப் போய்விட்டீர்களே. எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணி ரசிகனுக்கு அது ஆறாத புண். 27 லீக் ஆட்டங்களாகத் தோற்காமல் வந்து, கடைசி நாள் ஒரு டிரா கிடைத்தால் சாம்பியன். இடம்? மறுபடியும் உங்கள் டென்ஸ் பார்க். ஆட்டம் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது, டண்டீயின் மாற்று ஆட்டக்காரர் ஆல்பர்ட் கிட் ஒரு கோல் போட்டார். அப்புறம் இன்னொன்று. அந்தப் பக்கம் பெய்ஸ்லியில் செல்டிக் 5-0 என்று ஜெயித்தது. கோல் வித்தியாசத்தில் பட்டம் போனது. அடுத்த வாரமே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் அபர்டீனிடம் 3-0. சூனஸ் ஒரு முழு சீசன்கூட மேனேஜராக நடத்தாத நேரம் அது. எனவே எல்லாமே காசு இல்லை. எங்களுக்கு நடந்தது வெறும் நடுக்கம்.

பச்சை_வளையம்:

செல்டிக்காரன் பேசலாமா? காசு, காசு என்கிறீர்கள். 1967இல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இன்டர் மிலானைத் தோற்கடித்த, மேனேஜர் ஜோக் ஸ்டீனின் பதினொரு பேரும் செல்டிக் பார்க்கிலிருந்து 30 மைல் சுற்றளவில் பிறந்தவர்கள். உங்கள் மக்லீன் செய்ததைத்தான் ஸ்டீனும் செய்தார், அதுவும் ஐரோப்பாவிலேயே முதல் இடத்துக்கு.

டே_நதிக்கரை:

ஸ்டீனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது தம்பி. ஆனால் வீட்டு ஆட்டத்துக்கு 60,000 பேர் உட்காரும் மைதானம் உங்களுடையது, எங்களுடையது 14,000 சொச்சம். பையனை வளர்ப்பது இரண்டு ஊரிலும் முடியும். 1995இல் போஸ்மன் தீர்ப்பு வந்தபிறகு ஒப்பந்தம் முடிந்த பையன் சும்மாவே கிளம்பலாம். அவனைத் தக்கவைக்கக் கூட்டம் தரும் காசு வேண்டும்.

@கோர்கி: நடுக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். டென்ஸ் பார்க் மேல் பழி போடாதீர்கள்.

கோல்கம்பம்:

எல்லோருக்கும் நன்றி. இப்போது பார்க்க ஆரம்பித்தால் எங்கிருந்து?

டே_நதிக்கரை:

கோப்பைப் போட்டிகளிலிருந்து. அங்கே கதவு இன்னும் திறந்திருக்கிறது. 2021இல் பெர்த் ஊர் செயின்ட் ஜான்ஸ்டன் ஒரே சீசனில் லீக் கோப்பை, ஸ்காட்டிஷ் கோப்பை இரண்டையும் தூக்கியது. 2025 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் அபர்டீன் செல்டிக்கைப் பெனால்டியில் வென்றது, கீப்பர் மிட்டோவ் இரண்டைத் தடுத்தார். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் இந்திய நேரம் இரவு எட்டரை. அணி என்று கேட்டால் டண்டீ யுனைடெட்டின் ஆரஞ்சு சட்டை வாங்குங்கள்.

கோர்கி_ரோடு:

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஹார்ட்ஸின் மரூன்.