புதுப்பிப்பு: பழுப்புப் படலத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு வீட்டில் வைத்த 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் மணல் முழுக்கப் பழுப்புப் படலம் என்று போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? நீங்கள் சொன்னபடி விளக்கு நேரத்தைக் குறைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை, தொட்டிக்கு நான் எடுக்கிற எங்கள் சமையலறை ஆர்ஓ தண்ணீரில் விட்டால் 62! குடிக்கிற ஆர்ஓவில் ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் வழியாகக் கொஞ்சம் போர்வெல் தண்ணீரைக் கலந்துவிடுகிறார்கள், அதோடு சிலிக்கேட்டும் வரும், பழுப்புப் படலமாகப் படரும் டயட்டம் பாசிக்கு அதுதான் விருந்து. தனி ஆர்ஓவும், மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசினும் மாட்டினேன், இப்போது மீட்டரில் 0. வாரம் 20 லிட்டர் மாற்றியதில் மூன்றாவது வாரமே மணல் வெளுத்தது.

இன்னொரு அசட்டுத்தனம்: ஆவியான அளவுக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். உப்பு ஆவியாகாதே! அடர்த்தி (நல்ல தண்ணீரை 1 என்று வைத்தால்) 1.028 வரை ஏறிவிட்டது, நாலைந்து நாளில் மெதுவாக 1.025க்கு இறக்கினேன்.

பவளம் எப்போது என்று கேட்டவருக்கு: கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, யார் விற்றாலும் வாங்கப் போவதில்லை. ஜோடி கோமாளி மீன் போதும். கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் ஓடுகிறது, அதுவரைக்கும் நிம்மதி.