தங்கத்தின் மேல் வெள்ளி சல்பைட்டு: கறுத்துப் படிகிறது, உதவி!

வெள்ளவத்தை_கெமி: அவசரம். தங்க நனோத் துணிக்கை நன்றாக வந்தது, மாதுளம் சாறு போல் சிவப்பு. வெள்ளி பூசினேன், செம்மஞ்சள் ஆனது. அந்த வெள்ளியை வெள்ளி சல்பைட்டாக மாற்ற சோடியம் சல்பைட்டு விட்ட ஒரு நிமிடத்தில் கறுத்து எல்லாம் அடியில் உட்கார்ந்துவிட்டது. மூன்று தரமும் இதே கதை. வெள்ளிக்கிழமை சேரிடம் காட்ட வேண்டும். என்ன பிழை?

கொட்டாஞ்சேனைவாசி: எவ்வளவு விட்டீர்கள்? என்ன செறிவு? துணிக்கைகள் ஒட்டாமல் காக்கும் உறுதியாக்கி எது, சித்திரேற்றா, பிவிபி என்ற பல்பகுதியமா? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் சாத்திரம்தான் பார்க்க வேண்டும்.

கடல்காற்று: தண்ணீர்தான், சந்தேகமே இல்லை. கலனில் வரும் காய்ச்சி வடித்த நீரை நம்பாதீர்கள். குளோரைட்டு இருந்தால் வெள்ளி பால் போல் கலங்கும்.

பழைய_டெமோ: அவர் கறுப்பு என்கிறார், நீங்கள் பால் என்கிறீர்கள். கேள்வியை வாசித்துவிட்டுப் பதில் எழுதுவோம். தம்பி, உயர்தரத்திலேயே படித்திருப்பீர், வெள்ளி 2க்கு சல்பைட்டு 1. லேபிளைப் பார்த்தீரா? சோடியம் சல்பைட்டில் ஒன்பது நீர் மூலக்கூறு சேர்ந்ததன் மூலர் திணிவு 240, நீரற்றது 78. 60 சதவீதம் சல்பைட்டு உள்ள செதிலை 240 கணக்கில் நிறுத்தால் ஏறத்தாழ இரட்டிப்பு சல்பைட்டு போகும்.

வெள்ளவத்தை_கெமி: சித்திரேற்று. 240 கணக்குத்தான். போத்தலில் மஞ்சள் செதில் 🤦

கடல்காற்று: கடற்கரைப் பக்கம் எல்லாமே கறுக்கும். அம்மாவின் கொலுசும் உப்புக் காற்றில் அடிக்கடி கறுக்கிறது.

பழைய_டெமோ: கொலுசு கறுப்பது கந்தகத்தால். அவித்த முட்டையில் வெள்ளிக் கரண்டியை வைத்துப் பாரும், அதே வெள்ளி சல்பைட்டு.

கடல்காற்று: செட்டியார் தெருப் பத்தர் உப்பென்றுதான் சொன்னார். அவர் வெள்ளியோடு 30 வருடம்.

பழைய_டெமோ: 30 வருடமாகப் பிழையாகச் சொல்லியிருக்கிறார்.

நுணுக்கு_அக்கா: கொலுசை விடுங்கள். வெள்ளி பூசிய பிறகு சென்ரிபியூஜில் வேகமாகச் சுற்றிக் கழுவினீர்களா?

வெள்ளவத்தை_கெமி: ஓம், நிமிடத்துக்கு 12,000 சுற்றில் இரண்டு தரம். எல்லாரும் செய்வதுதானே என்று எழுதவில்லை.

நுணுக்கு_அக்கா: அங்கேதான் விசயம். கழுவும்போது சித்திரேற்று போய்விட்டது. துணிக்கைகளை விலக்கி வைப்பது அதன் மறை ஏற்றம். மிச்சமிருந்ததையும் சல்பைட்டின் சோடியம் அயன்கள் மறைத்துவிட, எல்லாம் ஒட்டிக்கொண்டன. கழுவ முதல் பிவிபி சேருங்கள். சல்பைட்டை அன்றன்று கரைத்து, கலக்கிக்கொண்டே துளித்துளியாக விடுங்கள். மஞ்சள் செதில் காற்றுப்பட்டுப் பழசாகியிருக்கலாம், மாற்றுங்கள். நிறம் கடுமையாவது பிழையல்ல, படிவதுதான் பிழை. எந்த அலைநீள ஒளி கூட உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் உறிஞ்சல் நிறமாலையையும் எடுங்கள். 400 நனோமீற்றர் பக்கம் இருக்கும் வெள்ளியின் உச்சி மங்கி, தங்கத்தின் உச்சி 520ஐத் தாண்டி நகர்ந்தால் சரி. எல்லாம் தட்டையாகிப் போனால் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, கழிவுப் போத்தலில் அமிலம் ஊற்றிவிடாதீர்கள், ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு வரும்.

கொட்டாஞ்சேனைவாசி: கண்ணாடிப் பாத்திரத்தை இராச நீரால், அதாவது தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவையால், கழுவினீர்களா என்றும் கேட்க நினைத்தேன்.

பழைய_டெமோ: சிவப்பு ஒழுங்காக வந்திருக்கிறதே, பாத்திரம் சுத்தம்தான். பிறகு எதற்கு?

(இரண்டு நாள் கழித்து)

வெள்ளவத்தை_கெமி: பிவிபி, புது சல்பைட்டு, துளித்துளி. கபில நிறம், படியவில்லை. நன்றி அக்கா.

கடல்காற்று: தண்ணீரையும் மாற்றினீர்களா?