டெப்பட் சரிசெய்கையில் ஹெட்டுக்குள் விழுந்த நட்டு

உப்புவெளியான்:
வணக்கம். என்னுடைய 100 சிசி ஹோண்டா மோட்டார் சைக்கிள் காலையில் இலகுவாக ஸ்டார்ட் ஆவதில்லை. சூடேறிய பின்னர் ஐடிலிலும் நிற்பதில்லை. ஆகவே வால்வு இடைவெளியை வீட்டிலேயே பார்க்கலாம் என்று எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டில், அந்த இடைவெளியைச் சரிசெய்யும் டெப்பட் திருகாணிகளின் மூடிகளைத் திறந்தேன். பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும், பிளைவீலில் உள்ள ‘டி’ குறியை உறையின் வெட்டுக்கு நேராக வைத்தும் வால்வுகளை அழுத்தித் திறக்கும் இரண்டு ரொக்கர்களும் கைக்குச் சிறிதும் அசையவில்லை. இதற்கிடையில், சதுரத் தலை தேய்ந்திருந்த எக்ஸோஸ்ட் பக்கத் திருகாணியை மாற்றுவதற்காகக் கழற்றியபோது அதன் பூட்டு நட்டு ஹெட்டுக்குள் விழுந்துவிட்டது. வண்டியை உருட்டிக்கொண்டு கராஜுக்குப் போகலாமா, இங்கேயே எடுக்க வழி உண்டா?

சீனக்குடா அண்ணன்:
தம்பி, வண்டியை உருட்டவும் வேண்டாம், கிக்கரை மிதிக்கவும் வேண்டாம். நட்டு பெரும்பாலும் வால்வு ஸ்பிரிங்கின் அடியில் ஒயில் தேங்கும் குழியில்தான் கிடக்கும். குலுங்கினால் அது, வால்வுகளை இயக்கும் கேமைச் சுழற்றுகிற கேம் செயின் இறங்கும் பள்ளத்துக்குள் போகலாம். அதன் பிறகு எஞ்சின் சுழன்றால் செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் இடையில் சிக்கி, ஒரு சிறு நட்டு பெருஞ்செலவு வைத்துவிடும்.

நட்டு இரும்பு என்பதால் காந்தம் எடுக்கும். ஆனால் ஸ்பிரிங்கும் ரொக்கரும் இரும்புதானே! வெறும் காந்தத்தை உள்ளே விட்டால் அது போகிற வழியிலெல்லாம் ஒட்டிக்கொண்டு பொறுமையைச் சோதிக்கும். கம்பியின் நுனியில் கட்டிய சிறு காந்தத்தைக் குளிர்பானம் குடிக்கும் குழாய்க்குள் செருகி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி விட்டால் பக்கங்களில் ஒட்டாது. டோர்ச் வெளிச்சத்தில் குழியைச் சுற்றி மெதுவாகத் துழாவிப் பாருங்கள். அங்கே கிடைக்காவிட்டால் ஒயிலை வடித்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் இடப்பக்க உறையைத் திறக்க வேண்டிவரும், அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

கிண்ணியாக்காரன்:
ரொக்கர்கள் அசையாததற்குக் காரணம் அநேகமாக இதுதான்: பிஸ்டனோடு இணைந்த கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால்தான் கேம் ஒருமுறை சுழலும், ஆகையால் ‘டி’ குறி எஞ்சினின் ஒரு முழு வேலைச் சுழற்சிக்குள் இரண்டு தடவை நேர்ப்படும். எக்ஸோஸ்ட் முடிந்து இன்டேக் தொடங்கும் இடத்தில் இரண்டு வால்வுகளும் சற்றே திறந்திருப்பதால் ரொக்கர்கள் இறுகியே இருக்கும். கம்பிரெஷன் முடிவில் வரும் ‘டி’தான் நமக்குத் தேவை. நட்டு கைக்கு வந்த பிறகு, பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளைவீலை அது ஓடும் திசையிலேயே இன்னொரு முழுச் சுற்றுத் திருப்புங்கள்.

இன்னொன்று: ஹோண்டாவின் கையேடுகள் எஞ்சின் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது அளக்கச் சொல்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம்முடைய திருகோணமலையில் நண்பகல் நிழலே அந்த அளவைத் தொட்டுவிடும் என்பதால், இரவு முழுவதும் நின்ற வண்டியை விடியற்காலையில் அளப்பதே சரி. அந்தக் காற்றில் மணலும் பறக்கும். திறந்த மூடிகளின் வாயைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள்.

உப்புவெளியான்:
இருவருக்கும் நன்றி. நட்டு குழியிலேயே கிடந்தது, காந்தத்தில் வந்துவிட்டது. புதிய திருகாணியைப் பூட்டுவதற்கு முன் இன்டேக்கை அளந்தேன். கையேட்டில் இரண்டுக்கும் 0.05 மில்லிமீற்றர் என்று இருக்கிறது. இன்டேக்கில் அந்தத் தடிப்புள்ள அளவுத் தகடு (ஃபீலர் கேஜ்) சிறு உரசலோடு போகிறது. எக்ஸோஸ்டைச் சத்தம் வராதபடி இன்னும் கொஞ்சம் இறுக்கமாக வைக்கலாமா?

சீனக்குடா அண்ணன்:
வேண்டவே வேண்டாம். சத்தமில்லாத எஞ்சின்தான் நல்ல எஞ்சின் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள், நான் அதை ஏற்கமாட்டேன். எக்ஸோஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை, தன் இருக்கையான சீற்றில் அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. இறுக்கமாக வைத்தால் அது முழுமையாக அமராமல் கருகிவிடும், கம்பிரெஷனும் குறையும். நீங்கள் சொன்ன ஸ்டார்ட்டிங் தொல்லைக்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம். சற்றே தளர்ந்தால் டிக் டிக் என்ற சத்தத்தோடு போய்விடும்.

தகட்டை உள்ளே வைத்தபடி திருகாணியைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது திருகாணி கூடவே கொஞ்சம் திரும்பிவிடும், ஆகவே பிறகு மறுபடியும் அளக்க வேண்டும். பிளைவீலைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி மீண்டும் ஒருமுறை பார்த்த பின்னரே மூடுங்கள். மூடிகளின் ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் புதிது போடுங்கள். ஒயில் கசிகிறது என்று மூடியை முறுக்கினால் அலுமினியப் புரி கழன்றுவிடும். பிளக்கையும் முதலில் விரலாலேயே திருகி, கடைசியில் மட்டும் ஸ்பனரைப் பிடியுங்கள்.